கறுப்புப் பூனையோடு வாழ்வதில் அப்படி என்ன தனி இன்பம்?

காப்பகத்தில் இரண்டு குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒன்று சாம்பல் வரி போட்டது, இன்னொன்று முழுக் கறுப்பு. உங்கள் மனம் கறுப்புக் குட்டியிடம் போய்விட்டது. வீட்டில் ஒருவர் "கறுப்பா, வேண்டாமே" என்கிறார். இன்னொருவர் "அதில் பார்க்க என்ன இருக்கிறது, முகமே தெரியாதே" என்கிறார். கறுப்புப் பூனையோடு வாழ்வதில் தனியாக ஏதாவது இன்பம் உண்டா, இல்லை எல்லாப் பூனையும் ஒன்றுதானா என்று கேட்கிறீர்கள்.

உண்டு. எங்கள் வீட்டில் பல வருடங்களாகக் கறுப்புப் பூனைகள் இருக்கின்றன, அதனால் தயங்காமல் சொல்கிறேன். வரிப்பூனையின் அழகும் மூவண்ணப் பூனையின் அழகும் பார்த்த உடனே தெரிந்துவிடும். கறுப்புப் பூனையின் அழகு கூடவே வாழ வாழத்தான் தெரியவரும். "பார்க்க என்ன இருக்கிறது" என்று கேட்டவருக்கான பதிலிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த நிறம். கறுப்பு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது பூனையின் உடம்பில் ஒரே நிறமாக இருப்பதில்லை. நல்ல வெயிலில் ஒரு கறுப்புப் பூனை பக்கவாட்டில் படுத்திருக்கும்போது விலாவையும் தொடையையும் வாலையும் உற்றுப் பாருங்கள். பல பூனைகளில் மங்கலாக வரிகள் தெரியும். கறுப்புக்குள்ளே இன்னும் கறுப்பாக ஓடும் வரிகள். குட்டிகளில் இது இன்னும் தெளிவாகவே இருக்கும். காரணம் மரபணுவில் இருக்கிறது. எல்லாப் பூனைக்குள்ளும் ஏதோ ஒரு வரி வடிவம் எழுதப்பட்டிருக்கிறது. வரிப்பூனையின் ஒவ்வொரு முடியிலும் வெளிர்நிறமும் அடர்நிறமும் மாறி மாறி வளையங்களாக இருக்கும். அந்த வளையங்களை உண்டாக்குவது அகூட்டி என்ற மரபணு. அது தாய் வழியிலும் தந்தை வழியிலும் செயலிழந்த வடிவிலேயே வந்து சேர்ந்தால் முடி முழுவதும் யூமெலனின் என்ற கருநிறமி நிரம்பிவிடும், குட்டி கறுப்பாகப் பிறக்கும். வரி வடிவம் அழிந்துவிடாது, மூடப்பட்டிருக்கும், அவ்வளவுதான். தாயும் தந்தையும் வரிப்பூனைகளாகவே இருந்து, இருவரிடமும் அந்தச் செயலிழந்த பிரதி ஒன்று மறைந்திருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் அகூட்டி இல்லாமல் பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நீங்கள் பார்த்த இரண்டு குட்டிகளும் ஒரே ஈற்றில் பிறந்தவையாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கருஞ்சிறுத்தைக்கும் இதே கதைதான். அது தனி இனமே கிடையாது. கறுப்பாகப் பிறந்த சிறுத்தை, அல்லது கறுப்பாகப் பிறந்த ஜாகுவார். வெளிச்சம் சரியான கோணத்தில் விழுந்தால் அவற்றின் உடம்பிலும் புள்ளிக்கூட்டங்கள் தெரியும். சிறுத்தையில் கறுப்பு வருவது வீட்டுப் பூனையைப் போலவே அகூட்டி மரபணுவின் மாற்றத்தால்தான், அதுவும் இரண்டு பிரதிகள் சேர்ந்தால் மட்டும். ஜாகுவாரில் வேறொரு மரபணு, அதில் ஒரு பிரதியே போதும். பூனைக் குடும்பம் கறுப்பை ஒரே வழியில் கண்டுபிடிக்கவில்லை, வெவ்வேறு இனங்களில் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நம் வீட்டுப் பூனை தோளைத் தாழ்த்தி, அடிமேல் அடி வைத்து ஒரு பந்தை நோக்கிப் போவதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியே வேறு.

அப்புறம் அந்தப் பழுப்பு. வெயிலில் நிறைய படுக்கும் கறுப்புப் பூனையின் முதுகும் வாலும் செம்பழுப்பாக மாறும். சூரிய ஒளியில் கருநிறமி சிதைவதால் வருவது இது. முடி உதிர்ந்து புது முடி வந்ததும் மறுபடி கறுப்பு. எங்கள் பூனை மசிக்கு வெயில் காலம் முடியும்போது பின்புறம் காப்பி நிறத்தில் இருக்கும், கழுத்தடியில் மட்டும் அசல் கறுப்பு மிஞ்சியிருக்கும். ஆனால் வெயிலே படாத பூனை திடீரென்று செம்பழுப்பானால் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும். யூமெலனின் தயாராவதற்கு டைரோசின் என்ற அமினோ அமிலம் வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் வந்த ஆய்வுகளில், டைரோசின் குறைந்த உணவைச் சாப்பிட்ட கறுப்புக் குட்டிகளின் முடி செம்பழுப்பானது, டைரோசினைச் சேர்த்துக் கொடுத்ததும் மீண்டும் கறுத்தது. குட்டி ஒழுங்காக வளர்வதற்குத் தேவைப்படும் அளவைவிட, முடி நல்ல கறுப்பாக இருப்பதற்குத் தேவைப்படும் அளவு அதிகம். அதனால் எடை சரியாக ஏறுகிறதே என்று நிம்மதியாக இருக்கும்போதுகூட ஒரு கறுப்புப் பூனையின் முடி நமக்கு முன்கூட்டியே செய்தி சொல்லிவிடும். நல்ல தரமான, இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்தால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது. நாட்பட்ட நோயாலும் முடி மங்கலாம் என்பதால், நிறமாற்றத்தோடு எடை குறைவு, சோர்வு, தண்ணீர் அதிகம் குடிப்பது போன்றவையும் சேர்ந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குட்டி சாம்பல் கலந்த கறுப்பாக, முடி நுனியெல்லாம் வெள்ளி பூசியதுபோல் இருந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். தாய்ப்பூனைக்குக் கர்ப்ப காலத்தில் காய்ச்சலோ கடுமையான நெருக்கடியோ வந்திருந்தால் குட்டியின் முடியில் நிறமி சரியாகப் படியாமல் இப்படிப் பிறக்கும். சில மாதங்களில் அந்த முடி உதிர்ந்து அடியிலிருந்து கறுப்பு வந்துவிடும். முடியை ஊதிப் பார்த்தால் வேர்ப்பகுதி வெள்ளையாக இருக்கிறதா? அது வேறு விஷயம். அதைப் புகைக்கறுப்பு என்பார்கள், அது மாறாது. நிற்கும்போது கறுப்பாகவும், நடக்கும்போது முடி பிரிந்து உள்ளே வெள்ளி மின்னுவதாகவும் இருக்கும். மார்பில், வயிற்றில் ஒரு சிறு வெள்ளைப் பொட்டு இருப்பதும் சகஜம். கருவில் குட்டி வளரும்போது நிறமிச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கிப் பரவுகின்றன. எட்ட முடியாமல் போன இடம் வெள்ளையாக நின்றுவிடுகிறது.

வயதானால் இந்தப் பூனைக்கும் நரைக்கும். முதுகில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை முடி, கறுப்பு மீசைகளுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளை மீசை, பிறகு முகவாய்க்குக் கீழே ஒரு சாம்பல் நிழல். வரிப்பூனையிலும் இது நடக்கிறது, நமக்குத்தான் கண்ணில் படுவதில்லை. கறுப்புப் பூனையில் ஒவ்வொரு வெள்ளை முடியும் தெரியும். அதன் முதுமையை நாம் முழுதாக உடனிருந்து பார்க்கிறோம். எனக்கு இது மிகப் பிரியமான விஷயம்.

முகமே தெரியாது என்றாரே, அவருக்குக் கண்களைக் காட்டுங்கள். குட்டி கண் திறக்கும்போது விழி நீலமாக இருக்கும். ஆறு, ஏழு வாரத்தில் மாறத் தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் நிலையான நிறத்துக்கு வந்துவிடும். பச்சை, மஞ்சள், அம்பர், செம்பு என்று எதுவாகவும் ஆகலாம். விழியில் மெலனின் என்ற நிறமி குறைவாக இருந்தால் பச்சை, கூடக்கூட மஞ்சளும் செம்பும். உங்கள் குட்டிக்கு எந்த நிறம் வரும் என்று வாரா வாரம் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம். முகத்தில் வேறு நிறம் எதுவும் போட்டிக்கு இல்லாததால் பார்வை நேராகக் கண்ணுக்குப் போகிறது. பகலில் கண்மணி கீற்றாகச் சுருங்குவதும், விளையாட்டு சூடுபிடித்ததும் அது விரிந்து விழி முழுவதையும் விழுங்குவதும், அறைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரியும். இருட்டில் பச்சையாகவோ மஞ்சளாகவோ பளிச்சிடுவது விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் படலம். முதல் தடவை பிடிபடாத வெளிச்சத்தை விழித்திரைக்கு இன்னொரு தடவை திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. எல்லாப் பூனைக்கும் அது உண்டு. கறுப்புப் பூனையில் உடம்பு இருட்டோடு கலந்துவிட, இரண்டு விளக்குகள் மட்டும் நம்மைப் பார்க்கும்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது மெல்ல இமைப்பது. பூனை நம்மைப் பார்த்துக் கண்ணைப் பாதி மூடி, முழுதாக மூடி, மெதுவாகத் திறக்கும். நிம்மதியாக இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். 2020-ல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. வளர்ப்பவர் மெல்ல இமைத்தால் பூனையும் பதிலுக்கு இமைப்பது அதிகமானது. முன்பின் தெரியாத ஒருவர் அப்படி இமைத்துவிட்டுக் கையை நீட்டினாலும், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்தபோது வந்ததைவிட அதிகமாகப் பூனைகள் அவரிடம் வந்தன. கறுப்பு முகத்தில் இது நடக்கும்போது இரண்டு பொன் வட்டங்கள் மெல்ல மறைந்து மறுபடி வருகின்றன. காப்பகத்துக்கு மறுபடி போகும்போது அந்தக் குட்டியிடம் நீங்களே செய்து பாருங்கள்.

உடம்பில் கோலம் எதுவும் இல்லாததால் இன்னொன்றும் நடக்கிறது: நம் கண் வடிவத்தைப் பார்க்கப் பழகுகிறது. காதின் சாய்வு, வாலின் நுனி மட்டும் அசைவது, தோள்பட்டை எலும்பு தோலுக்கடியில் வழுக்கிப் போவது, பயந்தால் முதுகு முடி ஒரு கோடாக எழுவது எல்லாம் கத்தரித்து வைத்த உருவமாகத் தெரியும். பூனை எந்த மனநிலையில் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்ல நான் கற்றுக்கொண்டது கறுப்புப் பூனைகளிடம்தான். இன்னொரு பக்கம், சுருண்டு படுத்துவிட்டால் தலை எது, கால் எது என்று கண்டுபிடிக்க முடியாது. அப்போது ஒரு காது திரும்பும், அதை வைத்துத்தான் முகத்தைத் தேட வேண்டும்.

குணத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். கறுப்புப் பூனைகள்தான் மற்றவற்றைவிட அன்பானவை என்று பலர் சொல்வார்கள். என் பூனைகள் அளவில்லாத அன்போடுதான் இருக்கின்றன, ஆனாலும் அதற்கு நிறத்தைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். குணத்தை முடிவு செய்வது பெற்றோரின் இயல்பும், சுமார் 2 முதல் 7 வார வயதில் மனிதக் கை எவ்வளவு மென்மையாகப் பட்டது என்பதும், பிறகு அது வாழும் வீடும்தான். கறுப்புப் பூனைக்கு நோயே வராது என்ற பேச்சையும் நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். உறுதியாகத் தெரிந்த ஒரு நன்மை உண்டு. வெள்ளைப் பூனைகளுக்குக் காது நுனியிலும் மூக்கிலும் வெயிலால் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். கறுப்புப் பூனையின் தோலை நிறமி பெருமளவு காப்பாற்றுகிறது. ஆகவே அது சன்னலோரம் வெயில் காய்வதை மனக்கவலை இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். கறுப்பு சூட்டை நன்றாக வாங்கிக்கொள்ளும் என்பதால் சற்று நேரத்திலேயே உடம்பு கதகதவென்று ஆகிவிடும். அப்படியே எழுந்து வந்து மடியில் ஏறி, தொண்டையில் அந்தக் குர்ர் ஒலியோடு படுக்கும்போது கிடைக்கும் சூடு இருக்கிறதே, அதை அனுபவித்துத்தான் பார்க்க வேண்டும்.

பராமரிப்பில் சில விஷயங்கள் மட்டும் கொஞ்சம் மாறும். உண்ணி, தெள்ளுப்பூச்சி எதுவும் கறுப்பு முடியில் கண்ணுக்குத் தெரியாது. நெருங்கிய பற்கள் கொண்ட சீப்பால் சீவி, வந்ததை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். கறுப்புத் துகள் கரைந்து செம்பழுப்பாகப் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, வெறும் மண்ணானால் அப்படிப் பரவாது. பொடுகோ நேர்மாறு, உடனே தெரிந்துவிடும். முதுகின் கீழ்ப்பகுதியில் மட்டும் பொடுகு இருந்தால், உடல் பருத்தோ மூட்டு வலித்தோ அந்த இடத்தை நக்கிச் சுத்தம் செய்ய முடியவில்லை என்று சந்தேகப்படலாம். பல கறுப்புப் பூனைகளுக்கு ஈறும் கறுப்பாகவே இருக்கும். அதனால் ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்க்க முடியாமல் போகலாம். கீழ் இமையின் உட்புறத்தை மெல்ல இழுத்துப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இரவில் விளக்குப் போடாமல் நடக்காதீர்கள். மாடிப்படியிலும் கதவருகிலும் ஒரு சிறு இரவு விளக்கு இருந்தால் பூனையின் வால் தப்பும், உங்கள் காலும் தப்பும். கறுப்பு நாற்காலியில் உட்காரும் முன் கையால் தடவிப் பார்ப்பது கொஞ்ச நாளில் தானாகவே பழகிவிடும்.

படம் எடுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் மனம் தளர்கிறார்கள். "ஒரு படம்கூடச் சரியாக வரவில்லை, வெறும் கறுப்புத் திட்டு" என்பார்கள். தவறு பூனையில் இல்லை. கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பூனை படச்சட்டம் முழுவதையும் நிறைத்தால், "இருட்டாக இருக்கிறதே" என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கறுப்பு சாம்பலாகிவிடும். அப்போது வெளிச்ச அளவைக் குறைக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் பூனை சிறிதாக உட்கார்ந்திருந்தால் நேர்மாறு: கேமரா சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பூனை திட்டாகிவிடும். அப்போது கூட்ட வேண்டும். கைப்பேசியில் பூனையின் கண்ணைத் தொட்டுக் குவியத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தினால் போதும். கண்ணைத் தொடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேறுபாடே இல்லாத கறுப்பு முடியில் கேமராவுக்குக் குவியம் கிடைக்காமல் தடுமாறும், கண்ணில் உடனே கிடைத்துவிடும். வெளிச்சம் நேர் எதிரே இல்லாமல் பக்கத்திலிருந்து வரட்டும். முடியை உரசிக்கொண்டு போகும் வெளிச்சத்தில்தான் அதன் மெருகும் அடுக்கும் தெரியும். பின்னணி பச்சை, நீலம், மர நிறம் போல நடுத்தரமாக இருந்தால் இன்னும் எளிது. பிளாஷ் வேண்டாம். பூனை மிரளும், கண் வெறும் ஒளித்தட்டாகிவிடும், முடியின் மென்மையும் காணாமல் போகும். இந்த நாலைந்து விஷயம் கைக்கு வந்துவிட்டால் கறுப்புப் பூனையைப் போல் படத்துக்கு அழகான பூனை வேறில்லை என்பது என் கருத்து.

இனி, "கறுப்பா, வேண்டாமே" என்றவர். அவர்மேல் கோபப்படாதீர்கள். இந்தப் பயம் மிகப் பழையது. 1233-ல் போப் ஒன்பதாம் கிரகோரி அனுப்பிய ஒரு மடலில், மத எதிரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களின் சடங்கில் ஒரு கறுப்புப் பூனை வருவதாக எழுதப்பட்டிருக்கிறது. பிறகு ஐரோப்பாவில் சூனியக்காரிக் கதைகளோடு அந்தப் பூனை ஒட்டிக்கொண்டது. அதே ஐரோப்பாவின் ஓரத்தில் இருக்கும் பிரிட்டனில் கறுப்புப் பூனை அதிர்ஷ்டம் என்று வாழ்த்து அட்டைகளில் அச்சடிக்கிறார்கள். ஜப்பானிலும் அது நல்லதன் அடையாளம். ஒரே பூனை ஒரு கரையில் கேடு, மறுகரையில் யோகம். நிறமி கூடுதலாக ஊறிய முடிக்கு நம் வீட்டு நல்லது கெட்டதோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சால் பூனைகளுக்கு உண்மையிலேயே துன்பம் வருகிறது. துரத்துகிறார்கள், கல்லெறிகிறார்கள், காப்பகங்களில் கடந்துபோகிறார்கள். பிரிட்டனின் கேட்ஸ் புரொடெக்ஷன் அமைப்பு அக்டோபர் 27-ஐக் கறுப்புப் பூனைகளுக்கான நாளாகக் கொண்டாடத் தொடங்கியதே இவற்றுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். வீட்டில் தயங்குபவரிடம் வாதம் செய்வதைவிட, குட்டியை அவர் மடியில் சற்று நேரம் உட்கார வைப்பது பலன் தரும். பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றவரின் தலையணைதான் பிறகு பூனையின் நிரந்தர இடமாகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். கறுப்புக் குட்டியைக் காட்டி "இது பம்பாய் இனம்" என்று அதிக விலை கேட்பவர்கள் உண்டு. பம்பாய் என்பது 1950-களில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரத்தைச் சேர்ந்த நிக்கி ஹார்னர் என்பவர் பர்மியப் பூனையையும் கறுப்பு அமெரிக்கக் குறுமுடிப் பூனையையும் கலந்து உருவாக்கிய இனம். வேர்வரை கறுப்பு, செம்புக் கண்கள், பளபளக்கும் குட்டை முடி. கருஞ்சிறுத்தையின் சிறு உருவம் வேண்டும் என்பதே அவருடைய ஆசை. உலகத்தில் உள்ள கறுப்புப் பூனைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. நான் இதுவரை எழுதிய அத்தனை இன்பமும் காப்பகத்துக் குட்டியிடமே முழுதாகக் கிடைக்கும்.

குட்டியைக் கொண்டுவந்தால் முதல் வேலையாக மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் பொருத்தும் சிறு அடையாளச் சில்லு, வைத்துவிடுங்கள். எந்தப் பூனைக்கும் அது நல்லதுதான், கறுப்புப் பூனைக்கு அவசியம். தொலைந்துபோனால் "கறுப்பு, பச்சைக் கண்" என்ற அடையாளம் அந்த வட்டாரத்தில் பல பூனைகளுக்குப் பொருந்தும். வயிற்றடியில் இருக்கும் வெள்ளை முடி, காதில் ஒரு சிறு கிழிசல், வால் நுனியில் ஒரு வளைவு என்று தனித்த அடையாளங்களைக் கிட்டத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டை போடுவதென்றால் இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் வகையாக, ஒளி பட்டால் மின்னுவதாக வாங்குங்கள். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே வளருங்கள், இருட்டில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்தப் பூனை தெரியவே தெரியாது.

இன்னொன்று. அந்தச் சாம்பல் வரிக்குட்டியும் கறுப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்குவதைக் கண்டிருந்தால், இடமும் நேரமும் பணமும் இருக்கும் பட்சத்தில் இரண்டையும் சேர்த்தே கொண்டுவருவதைப் பற்றி யோசியுங்கள். ஒன்றாக வளர்ந்த குட்டிகள் தங்களுக்குள்ளேயே விளையாடிக் கடிக்கும் அளவைக் கற்றுக்கொள்ளும், நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்திலும் துணை இருக்கும்.